பொத்தானைத் தொடும் முன் பட்டியைப் படியுங்கள்: வீட்டு சிமுலேட்டரில் பெரிய விமானம் ஓட்டுவோர் செய்யும் தவறுகள்

தரையை விட்டு எழும்பி 400 அடி தாண்டியதும், விமானத்தைத் தானே ஓட்டும் ஆட்டோபைலட்டைப் போடுவேன். விளக்கு எரியும். இரண்டே நொடியில் எச்சரிக்கை ஒலி வரும், ஆட்டோபைலட் விலகிவிடும். மறுபடி போட்டால் மறுபடியும் விலகும். மூன்று மாலைகள் இதிலேயே போயின. விமானத்தை அழித்துவிட்டு மீண்டும் நிறுவினேன், டிரைவரை மாற்றினேன், செட்டிங்ஸ் எல்லாவற்றையும் கலைத்துப் போட்டேன். நான்காம் நாள் கீபோர்டை நகர்த்தியபோதுதான் விஷயம் தெரிந்தது. அதன் பின்னால் கிடந்த கேம்பேடின் இடது குச்சியை ஒரு கேபிள் லேசாக அழுத்திக்கொண்டிருந்தது. கேம்பேடைப் பார்த்ததும் சிமுலேட்டர் தானாகவே அந்தக் குச்சிக்கு விமானத்தின் மூக்கையும் இறக்கைகளையும் அசைக்கும் வேலையைக் கொடுத்திருக்கிறது. விமானத்தைப் பொறுத்தவரை விமானி இடைவிடாமல் ஸ்டிக்கைத் தள்ளிக்கொண்டிருக்கிறார். அப்படி இருந்தால் ஆட்டோபைலட் விலகத்தான் வேண்டும்.

அன்றிலிருந்து ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். ஏர்பஸ் ஏ320, போயிங் 737 போன்றவற்றை உள்ளது உள்ளபடி செய்திருக்கும் மாடல்களில் ஏதாவது விபரீதமாக நடந்தால், ‘பக்’ என்று சொல்வதற்கு முன் அந்த விமானம் யாருடைய கட்டளையைக் கேட்டு நடக்கிறது என்று தேடுவேன். பெரும்பாலும் கட்டளை என்னுடையதாகவே இருக்கும்.

அதனால் முதல் வேலை கன்ட்ரோல் அமைப்பைப் பார்ப்பது. கணினியில் செருகியிருக்கும் ஒவ்வொரு சாதனத்தையும் தனித்தனியாகத் திறந்து, ஒரே வேலை இரண்டு சாதனங்களுக்குப் போயிருக்கிறதா என்று பாருங்கள். போயிருந்தால் ஒன்றை நீக்குங்கள். பழைய ஜாய்ஸ்டிக் நடுவில் நிற்காமல் நடுங்கினால் சிறிய டெட் சோன் (நடுவில் சிறு அசைவைக் கண்டுகொள்ளாத இடைவெளி) வையுங்கள். சிறிய விமானங்களுக்காகப் போட்டு வைத்த ஆட்டோ ரடர், ஆட்டோ டிரிம், ஏஐ துணை விமானி போன்ற உதவிகள் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். ஆழமாகச் செய்யப்பட்ட விமானத்துக்குத் தனக்கென்று கணினிகள் உண்டு. சிமுலேட்டரின் உதவியும் அதன் கணினியும் ஒரே நேரத்தில் ஒரே சுக்கானைப் பிடித்தால் இழுபறிதான்.

ஏ320 ஓட்டுபவர்கள் இஞ்சின் வலுவைக் கூட்டிக் குறைக்கும் த்ரஸ்ட் லீவருக்குத் தனியாக நேரம் ஒதுக்க வேண்டும். நிஜ விமானத்தில் அந்த லீவர் குறிப்பிட்ட பள்ளங்களில் டக்கென்று உட்காரும்: ஐடில் (மிகக் குறைந்த வலு), கிளைம்ப் (ஏறும் வலு), ஃப்ளெக்ஸ் (சற்றுக் குறைத்த புறப்பாட்டு வலு), டோகா (முழு வலு). வீட்டு லீவரில் அந்தப் பள்ளம் இருக்காது, அல்லது வேறு இடத்தில் இருக்கும். விமானத்தின் காக்பிட்டுக்குள் இருக்கும் டேப்லெட்டின் காலிபரேஷன் பக்கத்தில் ஒவ்வொரு நிலையையும் பதிய வைக்காவிட்டால், நீங்கள் கிளைம்பில் வைத்ததாக நினைப்பீர்கள், லீவரோ அதற்குச் சற்றுக் கீழே நிற்கும். வலுவைத் தானே சரிசெய்யும் ஆட்டோத்ரஸ்ட் அந்த லீவரின் அளவுக்கு மேல் போகாது. திரையில் ‘லீவர் கிளைம்ப்’ என்று மின்னிக்கொண்டே இருக்கும். ‘இஞ்சினுக்கு வலு இல்லை’ என்ற புகார்களில் பலவற்றின் வேர் இந்த லீவர் நிலைதான்.

கிளம்பும் முன்

எல்லாம் அணைந்து கிடக்கும் விமானத்தை உயிர்ப்பிக்கும்போது அவசரம்தான் எதிரி. திசையறியும் கருவிகள் தம் இடத்தைக் கண்டுகொள்ளச் சுமார் 10 நிமிடம் ஆகும். அதற்குள் விமானம் நகர்ந்தால் அந்தக் கணக்கு கெடும், பிறகு வரைபடம் வெறுமையாக இருக்கும். காத்திருக்க மனமில்லை என்றால் பல மாடல்களில் இதை விரைவாக முடிக்கும் வசதி இருக்கிறது, தயங்காமல் பயன்படுத்துங்கள்.

737-இல் இஞ்சின் சுழலவே மறுத்தால், மேல் பலகையில் ஏசி பேக்குகளை (கேபினுக்குக் குளிர்காற்று தரும் கருவிகளை) பாருங்கள். வாலில் உள்ள ஏபியு என்ற சிறிய துணை இஞ்சின் தரும் காற்றைத்தான் ஸ்டார்ட்டரும் கேட்கிறது, பேக்கும் கேட்கிறது. பேக்குகளை அணைத்து, ஏபியு பிளீடை (அந்தக் காற்றுக்கான வழியை) திறந்து, என்2 (இஞ்சினின் உள்சுழலி வேகம்) சுமார் 25 சதவீதம் வந்த பிறகு எரிபொருள் லீவரை மேலே தள்ளுங்கள். ஏ320-இல் பேக்குகளை அதுவே பார்த்துக்கொள்ளும், ஆனால் ஏபியு பிளீடை நீங்கள்தான் போட வேண்டும்.

எடையும் எரிபொருளும் இன்னொரு பெரிய வலை. சிமுலேட்டரின் மெனுவில் எரிபொருளை நிரப்பிவிட்டு, விமானத்தின் டேப்லெட்டில் வேறு எண்ணை ஏற்றினால் இரண்டும் மோதும். டேப்லெட்டை மட்டும் நம்புங்கள். கிலோவா, பவுண்டா என்பதையும் ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள். 1983 ஜூலை 23 அன்று கனடாவில் ஒரு போயிங் 767 வானில் 41,000 அடியில் எரிபொருள் தீர்ந்து, கிம்லி என்ற ஊரின் பழைய ஓடுபாதையில் மிதந்தே வந்து இறங்கியது. கிலோவில் போட வேண்டிய கணக்கைப் பவுண்டுக்கான எண்ணால் பெருக்கியதுதான் காரணம். எல்லோரும் உயிர் பிழைத்தார்கள்.

737-இன் கணினியில் மொத்த எடைக்கான வரி மேலே இருக்கிறது, எரிபொருள் நீங்கலான எடைக்கான வரி கீழே இருக்கிறது. எரிபொருள் நீங்கலாக விமானம் 58 டன், எரிபொருள் 8 டன் என்று வையுங்கள். 58-ஐக் கீழ் வரியில் போட்டால் கணினி 66 என்று சரியாகக் கூட்டும். கை தவறி மேல் வரியில் போட்டால் 66 டன் விமானத்தை 58 டன் என்று நம்பும். எழும்பும் வேகமும் இறங்கும் வேகமும் குறைவாக வரும். ‘மூக்கைத் தூக்கினால் எழவே மாட்டேன் என்கிறது’ என்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது அந்த இரண்டு வரிகளைத்தான்.

அந்தச் சிறு பட்டி

இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான். முன்னால் உள்ள முதன்மைத் திரையின் உச்சியில் சில எழுத்துகள் மட்டும் வரும் ஒரு பட்டி இருக்கிறது. எஃப்எம்ஏ என்பார்கள். நீங்கள் எந்தப் பொத்தானை அழுத்தினீர்கள் என்பதை அது சொல்வதில்லை. விமானம் இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறது, அடுத்து எதற்குக் காத்திருக்கிறது என்பதைத்தான் சொல்கிறது. பச்சையில் இருப்பது நடந்துகொண்டிருப்பது. ஏ320-இல் நீலத்திலும் 737-இல் சிறிய வெள்ளை எழுத்திலும் இருப்பது காத்திருப்பது. எது மாறினாலும் அந்தச் சொல்லைச் சுற்றி 10 நொடி ஒரு கட்டம் தோன்றும்.

பொத்தானை அழுத்திவிட்டு விளக்கு எரிந்ததா என்று மட்டும் பார்ப்பதுதான் நான் அதிகம் பார்த்த தவறு. அழுத்திய பிறகு கண் பட்டிக்குப் போக வேண்டும். அங்கே சொல் மாறவில்லையா? அப்படியானால் நீங்கள் கேட்டது நடக்கவில்லை. 737-இல் எல்நேவ் (திட்டமிட்ட பாதையைப் பிடித்துப் போகும் முறை) போட்டும் பிடிக்கவில்லை என்றால், நீங்கள் பாதையிலிருந்து 3 கடல் மைலுக்கு மேல் விலகி இருக்கிறீர்கள், போகும் திசையும் அந்தப் பாதையைச் சந்திப்பதாக இல்லை என்று பொருள். ஐந்து முறை அழுத்தினாலும் பிடிக்காது. ஹெடிங்கை (மூக்கின் திசையை) திருப்பிப் பாதையை நோக்கிப் போங்கள், பிடித்துக்கொள்ளும்.

உயரத்தில் ஏறும்போது நடப்பதை மெதுவாகப் பார்ப்போம். 33,000 அடியில் நிதானமாக ஏறிக்கொண்டிருக்கிறீர்கள். இன்னும் கொஞ்சம் சீக்கிரம் போகட்டும் என்று வெர்டிகல் ஸ்பீடில் (ஏறும் வேகத்தை நாமே குறிக்கும் முறையில்) நிமிடத்துக்கு 2,000 அடி வைக்கிறீர்கள். அந்த நொடியில் விமானத்துக்குள் பொறுப்புகள் கைமாறுகின்றன. அதற்கு முன் இஞ்சின் ஏறுவதற்கான முழு வலுவில் நிலையாக இருந்தது. மூக்கை ஏற்றி இறக்கி வேகத்தைக் காத்தது ஆட்டோபைலட். இப்போது மூக்கின் வேலை 2,000 அடியைக் காப்பது, வேகத்தைக் காக்கும் வேலை இஞ்சினுக்கு. ஆனால் அந்த உயரத்து மெல்லிய காற்றில் இஞ்சினிடம் மிச்சம் வலு இல்லை. மூக்கு பிடிவாதமாக உயர்ந்தே நிற்கிறது. வேகம் 270, 260, 250 என்று கரைகிறது. திரையின் இடப்பக்கம் குறைவேக எச்சரிக்கைக் கோடு மேலேறி வருகிறது. யாரும் தவறு செய்யவில்லை, எந்த விளக்கும் சிவக்கவில்லை. பட்டியில் ‘வெர்டிகல் ஸ்பீட்’ என்ற சொல் மட்டும் பொறுமையாக நிற்கிறது. அதைப் படிப்பவர் உடனே, மூக்கே வேகத்தைக் காக்கும் பழைய முறைக்கு, அதாவது ஏ320-இல் ஓப்பன் கிளைம்புக்கோ 737-இல் லெவல் சேஞ்சுக்கோ திரும்பிவிடுவார். மூக்கு தாழும், வேகம் மீளும்.

இது விளையாட்டில் மட்டும் நடப்பதல்ல. 1992 ஜனவரி 20 அன்று ஸ்ட்ராஸ்பர்க் அருகே ஓர் ஏ320 மலையில் மோதியது. விமானத்தில் இருந்த 96 பேரில் 87 பேர் இறந்தார்கள். 3.3 பாகைச் சரிவில் இறங்க நினைத்த விமானிகள், நிமிடத்துக்கு 3,300 அடி என்ற முறையில் இருந்ததைக் கவனிக்கவில்லை என்பதே விசாரணையில் வலுவாக நின்ற கருத்து. அன்றைய பலகையில் ஒன்று -3.3 என்றும் மற்றொன்று -33 என்றும் தெரியும். பிறகு ஏர்பஸ் இரண்டாவதை நான்கு இலக்கமாகக் காட்டும்படி மாற்றியது. நம் அறையில் மலை மோதினால் மீண்டும் தொடங்கிவிடலாம். ஆனாலும் அந்தப் பட்டியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த விபத்து நினைவுக்கு வரும்.

இறங்கத் தொடங்கும் இடம்

இறங்கும் புள்ளி வந்தும் விமானம் இறங்காமல் போவதற்கு இரண்டு விமானங்களிலும் வெவ்வேறு காரணம். 737 விநேவில் (உயரத்தைக் கணினியே பார்த்துக்கொள்ளும் முறையில்) தானாக இறங்கும், ஆனால் பலகையில் உயரத்தை முன்கூட்டியே குறைத்து வைத்திருக்க வேண்டும். ஏ320-இல் உயரத்தைக் குறைத்தாலும் போதாது, அந்த உயரக் குமிழை நீங்கள் அழுத்தினாலோ இழுத்தாலோதான் இறங்கும். உள்ளே அழுத்தினால் பொறுப்பு கணினிக்கு, வெளியே இழுத்தால் உங்களுக்கு என்பது ஏ320-இன் வேகம், திசை, உயரம் ஆகிய மூன்று குமிழ்களுக்கும் பொது.

கணினி எதைச் சொன்னாலும் மனக்கணக்கு ஒன்று வைத்திருங்கள். இழக்க வேண்டிய ஆயிரம் அடிகளை மூன்றால் பெருக்குங்கள். 36,000 அடியிலிருந்து 4,000-க்கு வர 32-ஐ மூன்றால் பெருக்கினால் 96 கடல் மைல், வேகம் குறைக்க இன்னொரு 10. இந்தக் கணக்கு இருந்தால், ஓடுபாதை கண்ணெதிரே வரும்போது 9,000 அடியில் தவிக்க மாட்டீர்கள்.

உயரமானியின் காற்றழுத்த அளவை மாற்ற மறப்பதும் அடிக்கடி நடக்கும். பயண உயரத்தில் 1013 ஹெக்டோபாஸ்கலில் வைத்ததை இறங்கும்போது அந்த விமான நிலையத்தின் அளவுக்குத் திருப்ப வேண்டும். அங்கே 998 இருந்து நீங்கள் 1013-இலேயே விட்டால், திரை காட்டுவதைவிடச் சுமார் 400 அடி தாழ்வாகப் பறந்துகொண்டிருப்பீர்கள்.

ஏ320-இல் வேகம் 250-இலிருந்து குறையவே மாட்டேன் என்றால் அப்ரோச் (தரையிறங்க நெருங்கும்) கட்டம் தொடங்கவில்லை என்று பொருள். திட்டமிட்ட பாதையில் நேவ் முறையில் வந்தால், வேகம் குறைக்க வேண்டிய இடமான டிசெல் புள்ளியில் தானே தொடங்கும். ஹெடிங்கில் சுற்றிக்கொண்டு வந்தால் விமானக் கணினியின் பெர்ஃபாமன்ஸ் பக்கத்தில் நீங்களே தொடங்கி உறுதி செய்ய வேண்டும்.

ஓடுபாதைக்கு வழிகாட்டும் ரேடியோ அலையான ஐஎல்எஸ் பிடிக்கவில்லையா? அதன் இறங்கு சரிவான கிளைட் ஸ்லோப்பை எப்போதும் கீழிருந்து சந்தியுங்கள். மேலிருந்து துரத்தினால் வேகம் ஏறும், சிறகு மடிப்புகளை விரிக்க முடியாது, எல்லாம் கூட்டாகக் கெடும். திரையில் ஐஎல்எஸ்ஸின் அடையாள எழுத்துகள் தெரிகின்றனவா என்றும் பாருங்கள். தெரியவில்லை என்றால் தரவுப் பிரச்சினையாக இருக்கலாம். வழித்தடத் தரவு 28 நாளுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது. உங்கள் விமானத்துக்குள் ஒரு பதிப்பு, சிமுலேட்டரின் உலகத்தில் ஒரு பதிப்பு, பயணத் திட்டம் போட்ட சிம்பிரீஃப் இணையதளத்தில் இன்னொரு பதிப்பு என்று மூன்று இருக்கலாம். ஒன்றில் இருக்கும் ஐஎல்எஸ் அலைவரிசை மற்றொன்றில் மாறியிருக்கும்.

விமானம் உண்மையிலேயே கெட்டிருந்தால்

கெடுவதும் உண்டு. அப்போது ஒரே மூச்சில் ஐந்து விஷயங்களை மாற்றாதீர்கள். சரியாகிவிட்டாலும் எதனால் சரியானது என்று தெரியாது. மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரில் கூடுதலாக நிறுவிய ஆட்-ஆன்கள் இருக்கும் கம்யூனிட்டி ஃபோல்டரில் உள்ள எல்லாவற்றையும் வெளியே நகர்த்திவிட்டு, அந்த ஒரு விமானத்தை மட்டும் வைத்துப் பாருங்கள். சரியாக ஓடினால் மற்றவற்றில் பாதியைத் திரும்ப வையுங்கள். கெட்டால் குற்றவாளி அந்தப் பாதியில் இருக்கிறது, அதை மறுபடி பாதியாக்குங்கள். 32 ஆட்-ஆன்கள் இருந்து அவற்றில் ஒன்றுதான் காரணம் என்றால் ஐந்தே சோதனைகளில் அது மாட்டிக்கொள்ளும்.

படம் தடுமாறினால் உடனே டெக்ஸ்சர் தரத்தைக் குறைப்பது பழக்கம். பெரிய விமானங்களின் திரைகளும் கணினிகளும் அதிகம் தின்பது பிராசஸரை. அதனால் நிலப்பரப்பின் விவர அளவையும் விமானப் போக்குவரத்தையும் காக்பிட் திரைகளின் புதுப்பிப்பு வேகத்தையும் முதலில் குறைத்துப் பாருங்கள். நொடிக்கு 50 படங்களுக்கும் 25-க்கும் இடையே குதிப்பதைவிட 30-இல் அசையாமல் நிற்பது தரையிறக்கத்துக்கு எவ்வளவோ மேல். நேரத்தை நான்கு மடங்கு ஓட்டும்போது விமானம் பாம்பாக நெளிந்தால் அதையும் கோளாறாக எண்ணாதீர்கள். திருப்பங்களுக்கும் இறக்கத்துக்கும் முன் ஒரு மடங்குக்குத் திரும்பிவிடுங்கள்.

கடைசி 50 அடி

ஏ320-இன் ஸ்டிக்கைக் குழம்பு கிண்டுவது போல் அசைத்துக்கொண்டே இருப்பதுதான் பலருடைய தரையிறக்கத்தைக் கெடுக்கிறது. கையை எடுத்தால் விமானம் இருந்த பாதையிலேயே போகும். ஒரு சிறு திருத்தம் கொடுங்கள், நடுவுக்கு விடுங்கள், விளைவைப் பாருங்கள். தரைவேகத்தை ஐந்தால் பெருக்கினால் மூன்று பாகைச் சரிவுக்கு வேண்டிய இறக்கம் கிடைக்கும். 140 நாட் என்றால் நிமிடத்துக்கு 700 அடி.

50 அடிக்குக் கீழே அதன் குணம் மாறுகிறது. 30 அடியில் கணினி மூக்கை மெல்லத் தாழ்த்தத் தொடங்கும், விமானி இயல்பாக ஸ்டிக்கைப் பின்னிழுக்க வேண்டும் என்பதற்காகவே அப்படி வைத்திருக்கிறார்கள். ஆகவே 30 அடி வாக்கில் மென்மையாக இழுத்துப் பிடியுங்கள், விட்டுவிடாதீர்கள். பார்வை ஓடுபாதையின் தொடக்கத்தில் அல்ல, அதன் தொலைமுனையில் இருக்கட்டும். 20 அடியில் ‘ரிடார்ட்’ (வலுவைக் குறை) என்று குரல் வரும்போது லீவரை ஐடிலுக்குக் கொண்டுவாருங்கள். கிளைம்பிலேயே விட்டால் ஆட்டோத்ரஸ்ட் வேகத்தைக் காக்கப் பார்க்கும், விமானம் ஓடுபாதைக்கு மேலேயே மிதந்துகொண்டு போகும்.