தோள் தசைநாண் தையலுக்கு பி.ஆர்.பி.: எடுப்பது, சுழற்றுவது, வைப்பது

தோளில் அறுந்த தசைநாணை எலும்போடு தைத்தாலும் பழைய ஒட்டு திரும்ப வளர்வதில்லை. நாண், குருத்தெலும்பு, எலும்பு என்று படிப்படியாக இறுகும் அடுக்குகள் இருந்த இடத்தில் தழும்புத் திசு வந்து உட்காருகிறது. பெரிய கிழிசல்கள் மறுபடி விட்டுப்போக இது ஒரு முக்கியக் காரணம். நோயாளியின் சொந்த இரத்தத்திலிருந்து பிளேட்லெட் செறிந்த பிளாஸ்மாவைப் பிரித்து அங்கே வைப்பதுதான் பி.ஆர்.பி. தளர்ந்த தையலை அது காப்பாற்றாது.

பிளேட்லெட் எண்ணிக்கை மைக்ரோலிட்டருக்கு 1 லட்சத்துக்குக் கீழே இருந்தால் இந்த வேலையே வேண்டாம். பிளேட்லெட்டின் வேலையைத் தடுக்கும் ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகளை ஒரு வாரம் முன்பே நிறுத்த வேண்டும். இதயத்துக்காகச் சாப்பிடும் ஆஸ்பிரினை மட்டும் மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது.

60 மி.லி. சிரிஞ்சில் முதலில் இரத்தம் உறையாமல் தடுக்கும் ஏ.சி.டி.-ஏ திரவம் 6 மி.லி., பிறகு 54 மி.லி. இரத்தம். ஆய்வகத்தில் இரத்தம் பிடிக்கும் இ.டி.டி.ஏ. குழாய் கூடாது, அதிலுள்ள உறைதடுப்பான் பிளேட்லெட்டின் உறையைக் கெடுக்கும். அகலமான ஊசியில் மெதுவாக இழுத்து, சிரிஞ்சை உருட்டிக் கலக்குங்கள். குலுக்கினால் பிளேட்லெட்டுகள் சிரிஞ்சுக்குள்ளேயே வெடித்துத் தீர்ந்துவிடும்.

அதிகம் பிசகுவது, இரத்தத்தைப் பிரிக்கச் சென்ட்ரிஃபியூஜ் கருவியில் சுழற்றும்போதுதான். ஒரு கருவியின் ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) எண்ணை இன்னொன்றில் அப்படியே வைப்பார்கள். 1200 சுற்றில், சுழலும் பகுதியின் ஆரம் 15 செ.மீ. என்றால் விசை ஏறக்குறைய 240 ஜி, அதாவது புவியீர்ப்பைப் போல 240 மடங்கு; 10 செ.மீ. என்றால் 160 ஜிதான். எப்போதும் ஜி கணக்கில் குறித்து வையுங்கள். முதல் சுற்று மென்மையாக. மேலே தெளிந்த பிளாஸ்மாவையும் வெளிறிய மெல்லிய படலத்தையும் எடுத்து, இரண்டாவது முறை வேகமாகச் சுழற்றி, மேல்பகுதியைக் கழித்து, அடியில் 6 மி.லி. மட்டும் விட்டுக் கலக்குங்கள். இரத்தத்தில் 2.5 லட்சம் இருந்து, அதில் 60 சதவீதம் கைக்கு வந்தால், மைக்ரோலிட்டருக்கு 13.5 லட்சம் கிடைக்கும். கலவை நல்ல சிவப்பாக இருந்தால் ஆழமாக உறிஞ்சிவிட்டீர்கள். அந்தச் சிவப்பணுக்கள் மூட்டில் அழற்சியைக் கிளப்பும்.

ஆர்த்ராஸ்கோப்பியில் (சிறு துளை வழியே கேமரா விட்டுச் செய்யும் மூட்டு அறுவை) மூட்டுக்குள் நீர் ஓடிக்கொண்டிருக்கும்போது செலுத்தினால் எல்லாம் அடித்துக்கொண்டு போய்விடும். முடிச்சுகள் முடிந்து, பம்பை நிறுத்தி, நீரை உறிஞ்சிய பிறகே நாணுக்கும் எலும்புக்கும் நடுவில் ஊசி நுழைய வேண்டும். கால்சியம் குளோரைடு சேர்த்து உறைய வைப்பதானால் கடைசி நேரத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள், பிளேட்லெட்டுகளில் உள்ள, திசு வளரத் தூண்டும் வளர்ச்சிக் காரணிகளில் பெரும்பங்கு ஒரு மணி நேரத்துக்குள் வெளியேறிவிடும்.

செலவில்லாத வழியும் உண்டு: நாண் ஒட்டும் எலும்பு மேட்டில் சில சிறு துளைகள் போட்டு மஜ்ஜை இரத்தத்தைக் கசிய விடுவது. தையல் நூலை எலும்பில் பிடித்து நிறுத்தும் ஆங்கருக்கு மிக அருகில் துளைத்தால் அதன் பிடி போய்விடும். ஸ்டெம் செல்கள் உள்ள இடுப்பெலும்பு மஜ்ஜைச் செறிவைத் தையலோடு சேர்த்து பிரான்சில் எர்னிகூ குழு 2014-இல் வெளியிட்ட ஆய்வில், 10 ஆண்டுகளுக்குப் பிறகு 87 சதவீதத் தையல்கள் நிலைத்திருந்தன, சேர்க்காதவர்களில் 44. ஆனால் ஒவ்வொரு பிரிவிலும் 45 பேர்தான், அதை வைத்து ஸ்டெம் செல் விளம்பரத்தை நம்பிப் பணம் கட்ட வேண்டாம். தையலை வலுப்படுத்த வைத்துப் பார்த்த பன்றிக் குடல் ஒட்டு அழற்சியைத்தான் கொண்டுவந்தது.

அறுவைக்குப் பின் 4 முதல் 6 வாரம் கையைத் தாங்கும் ஸ்லிங், வலிக்குப் பாராசிட்டமால், புகை அறவே கூடாது, சர்க்கரை கட்டுக்குள். எடை தூக்கும் பயிற்சி 12 வாரத்துக்குப் பிறகுதான். வலி சீக்கிரம் குறைந்தவர்கள்தான் குடத்தை முதலில் தூக்குகிறார்கள். அவர்களுக்கு 3-ஆம் மாதமே ஒரு அல்ட்ராசவுண்ட் எடுத்துப் பாருங்கள்.