கிராஸ் லிங்கிங்குக்கு முன்னால் வீட்டில் செய்து வைக்க வேண்டியவை

மூன்று சொட்டு மருந்து பாட்டில்கள். மூன்றும் ஒரே உயரம், ஒரே வெள்ளை மூடி. கெரடோகோனஸ் என்ற கருவிழி நோய்க்காக இடது கண்ணுக்குக் கிராஸ் லிங்கிங் என்ற சிகிச்சை செய்துகொண்டு வந்த அன்று இரவு, எது எந்த மருந்து என்று தெரியாமல் அவற்றைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சிகிச்சை செய்த கண்ணைத் திறக்க முடியவில்லை. அது கூசினால் மற்ற கண்ணும் சேர்ந்து மூடிக்கொள்கிறது. ஏழு மாதம் கழித்து வலது கண்ணுக்குப் போகும்போது எல்லாவற்றையும் முன்கூட்டியே செய்து வைத்துவிட்டுப் போனேன். சிகிச்சைக்குப் பிறகான முதல் நான்கு நாளும் எவ்வளவோ லேசாகப் போயின.

முதலில் ஒன்றை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். கெரடோகோனஸில் கருவிழி மெலிந்து கூம்பு மாதிரி முன்னால் துருத்திக்கொண்டு வருகிறது. கிராஸ் லிங்கிங், வைட்டமின் சொட்டும் புறஊதா ஒளியும் கொண்டு அது மேலும் வளராமல் நிறுத்தப் பார்க்கும் சிகிச்சை. போன பார்வையை மீட்டுத் தருவது அதன் வேலை இல்லை. சிலருக்குக் கூம்பு கொஞ்சம் தட்டையாகும், ஆனால் கண்ணாடியோ லென்ஸோ அப்புறமும் தேவைப்படும். இது புரியாமல் போனதால் முதல் மாதம் முழுக்க நொந்துபோயிருந்தேன்.

லென்ஸ் போடுபவர்கள் கருவிழியை அளக்கும் ஸ்கேனுக்குச் சில நாள் முன்பே கழற்றி வைக்க வேண்டும். லென்ஸ் அழுத்தினால் கருவிழியின் வடிவம் மாறிவிடும், ஸ்கேன் தப்பாகக் காட்டும். எத்தனை நாள் என்று மருத்துவரிடம் கேளுங்கள், கெட்டி லென்ஸ் என்றால் அதிக நாள். கருவிழியின் தடிமனையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பொதுவாக நடுவில் 540 மைக்ரான் அளவில், அதாவது அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல் இருக்கும். வழக்கமான முறைக்கு, மேல்தோலை எடுத்த பிறகும் 400 மைக்ரானாவது இருக்க வேண்டும். இல்லாவிட்டால் புறஊதா ஒளி உட்புறச் செல்களைப் பாதிக்கலாம். கருவிழி அதைவிட மெலிந்தவர்களுக்கு வேறு வழிகள் உண்டு. கண்ணில் முன்பு ஹெர்பிஸ் வைரஸ் தொற்று வந்திருந்தாலோ, கர்ப்பமாக இருந்தாலோ முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

போகும்போது பட்டன் வைத்த சட்டை போடுங்கள். திரும்பி வந்ததும் தலை வழியாக எதையும் கழற்ற வேண்டாம்.

உள்ளே வலி இல்லை. மரத்துப்போக மருந்து விட்டு, இமையை ஒரு கம்பியால் விரித்துப் பிடித்து, கருவிழியின் மேல்தோலை நடுவில் 8, 9 மில்லிமீட்டர் அகலத்துக்கு எடுத்துவிடுகிறார்கள். பிறகு ரிபோஃபிளேவின், அதாவது பி2 வைட்டமின், மஞ்சள் சொட்டு மருந்தாக அரை மணி நேரம் விழுகிறது. வழிந்த சொட்டு நெற்றிப்பொட்டு வழியாக இறங்கிக் காதுக்குள் சில்லென்று போகும். அப்போது தலையை ஆட்டிவிடாதீர்கள். அப்புறம் புறஊதா விளக்கு. ஜெர்மனியில் ட்ரெஸ்டனில் உருவான மூல முறையில் அது 30 நிமிடம். வெளிச்சத்தைக் கூட்டி 10 நிமிடத்தில் முடிக்கும் முறையும் உண்டு. கண்ணுக்குப் போய்ச் சேரும் மொத்த ஆற்றல் இரண்டிலும் ஒன்றுதான். கடைசியில், புண் ஆறும்வரை கருவிழியை மூடி வைக்க ஒரு பேண்டேஜ் லென்ஸை வைத்து அனுப்புவார்கள்.

மரத்தது விட்டதும் வலி வரும். உள்ளுக்குச் சாப்பிட எழுதிக் கொடுத்த மாத்திரையை எப்போது போட வேண்டும் என்று கேட்டுக்கொண்டு, வலி ஏறும் முன்பே போடுங்கள். மரத்துப்போகும் சொட்டை வீட்டுக்குக் கேட்காதீர்கள், அது புண் ஆறுவதைக் கெடுக்கும். இரண்டாம் முறை பாட்டில்களில் ரப்பர் பேண்ட் சுற்றி வைத்தேன்: ஆன்டிபயாட்டிக்குக்கு ஒன்று, ஸ்டீராய்டுக்கு இரண்டு, கண்ணீர் சொட்டுக்கு ஒன்றும் இல்லை. விரலால் தடவினாலே தெரிந்துவிடும். ஒரு மருந்துக்கும் அடுத்ததுக்கும் ஐந்து நிமிட இடைவெளி விடுங்கள். பாட்டில் முனை இமையில் படக் கூடாது. அறையில் திரை, கறுப்புக் கண்ணாடி, அலாரம் எல்லாம் முதல் நாளே தயாராக இருக்கட்டும்.

பேண்டேஜ் லென்ஸ் கீழே விழுந்தால் எடுத்துத் திரும்ப வைக்காதீர்கள், மருத்துவமனைக்குச் சொல்லுங்கள். மேல்தோல் வளர்ந்ததும், பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள், அவர்களே லென்ஸை எடுத்துவிடுவார்கள். குறைந்துவந்த வலி மறுபடி ஏறினாலோ, கருவிழியில் வெள்ளைப் புள்ளி தெரிந்தாலோ, பீளை தள்ளினாலோ அன்றைக்கே போங்கள். அது கிருமித் தொற்றாக இருக்கலாம்.

முதல் சில வாரம் பார்வை முன்பைவிட மங்கலாகத்தான் இருக்கும். பனிமூட்டம் மாதிரி. பிறகு மாதக்கணக்கில் மெல்ல மெல்லத் தெளியும்.

கண்ணைக் கசக்குவதை அடியோடு விட வேண்டும். எனக்கு விரல் முட்டியை வைத்து அழுத்தித் தேய்க்கும் பழக்கம், சின்ன வயதிலிருந்தே. அலர்ஜியால் வந்த அரிப்பு. இந்த நோய்க்கும் கசக்குவதற்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. அரிப்புக்கு முதலில் மருந்து வாங்குங்கள், அது நின்றால்தான் கை நிற்கும். தூக்கத்தில் கை போவதைத் தடுக்க, இரவில் கண்மேல் பிளாஸ்டிக் மூடி ஒட்டிக்கொண்டேன்.

ஸ்கேன் தாள்களைத் தேதிவாரியாக ஒரே ஃபைலில் வையுங்கள். கூம்பு நின்றதா என்பதைப் பழைய தாளையும் புதியதையும் பக்கத்தில் வைத்துத்தான் சொல்வார்கள். அண்ணன் தம்பி, அக்கா தங்கை இருந்தால் அவர்களுக்கும் ஒரு டோபோகிராபி, அதாவது கருவிழியின் வடிவத்தைக் காட்டும் ஸ்கேன், எடுக்கச் சொல்லுங்கள்.