நொண்டிய ஃபிரேம்கள்

கருப்பு ஒன்று, வெள்ளை ஒன்று என்று ஃபிரேம்கள் மாறி மாறி வரும் ஃப்ளிக்கர் படம் ஒன்று செய்துகொண்டிருந்தேன். முன்மாதிரி, ஆஸ்திரியச் சோதனைத் திரைப்படக்காரர் பீட்டர் குபெல்கா 1960-இல் முடித்த படம்: தலா 576 ஃபிரேம்கள் கொண்ட 16 பகுதிகள், மொத்தம் 9,216.

ஓட்டிப் பார்த்தால் கருப்பு அவசரமாகப் போனது, வெள்ளை சாவகாசமாக நின்றது. எடிட்டிங் மென்பொருளின் டைம்லைனில் கணக்கு சரியாகவே இருந்தது. கோளாறு மானிட்டரில். படம் நொடிக்கு 24 ஃபிரேம்; மானிட்டர் 60 ஹெர்ட்ஸ், அதாவது திரையை நொடிக்கு 60 முறை புதுப்பிக்கும். 60-ஐ 24 மீதியில்லாமல் வகுக்காது. அதனால் ஒரு ஃபிரேமுக்கு இரண்டு புதுப்பிப்பு, அடுத்ததற்கு மூன்று. என் படத்தில் அந்த மூன்று எப்போதும் வெள்ளைக்கே விழுந்தது!

மானிட்டரை 120-க்கு மாற்றினேன். எல்லா ஃபிரேமுக்கும் ஐந்து; நொண்டல் போயிற்று. அப்புறம் எக்ஸ்போர்ட்டில் சாம்பல் ஃபிரேம்கள் முளைத்தன. எக்ஸ்போர்ட்டையும் 24-இலேயே வைத்து, அடுத்தடுத்த ஃபிரேம்களைக் கலக்கும் ஃபிரேம் பிளெண்டிங்கை அணைத்ததும் அதுவும் ஒழிந்தது. வலிப்பு நோய் உள்ளவர்களுக்கு இதைப் போட்டுக் காட்டாதீர்கள்.