அடுப்பருகே வைத்த மிருதங்கம்: புதிதாகக் கற்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சனிக்கிழமை காலைகளில் மொரீஷியஸ் தீவின் க்யூர்பிப்பில் உள்ள என் வீட்டு வராந்தாவில் ஏழெட்டுப் பிள்ளைகள் மிருதங்கம் கற்க வந்து உட்காருகிறார்கள். முப்பது ஆண்டுகளுக்கு முன்பு நான் செய்த தவறுகளையே, யாரோ எழுதிக் கொடுத்துவிட்டதைப் போல வரிசை மாறாமல் அவர்களும் செய்வதைப் பார்க்கும்போது, சில நாள் சிரிப்பு வருகிறது. சில நாள் எரிச்சல் வருகிறது. நகம் வெட்ட வேண்டும், முதுகை நிமிர்த்தி உட்கார வேண்டும், நாள்தோறும் சாதகம் செய்ய வேண்டும் என்பவற்றை எந்த ஆசிரியரும் முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுவார் என்பதால் அவற்றை இங்கே தொடப்போவதில்லை. யாரும் முன்கூட்டிச் சொல்லாததால் பணமும் மாதங்களும் வீணாகிற சிலவற்றை மட்டும் எழுதுகிறேன். அவற்றுள் ஒன்றைப் பற்றிக் கொஞ்சம் நீட்டியே எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அளவு கேட்காமல் வாங்குவது

சென்னைக்குப் போகும் மாமாவிடமோ அத்தையிடமோ "ஒரு மிருதங்கம் வாங்கி வாருங்கள்" என்று சொல்லி அனுப்புகிறார்கள். அவர்களும் பலாமரத்தின் நிறத்தையும் வார்களின் பளபளப்பையும் பார்த்து நல்லதாகவே வாங்கி வருகிறார்கள். ஆனால் மிருதங்கம் ஒரு சுருதியை மனத்தில் வைத்துச் செய்யப்படும் கருவி. பொதுவாக 22 அங்குல நீளமுள்ளது பெண்குரல் போன்ற உயர்ந்த சுருதிக்கும், 24 அங்குலமுள்ளது தாழ்ந்த சுருதிக்கும் பொருந்தும். ஐந்து கட்டையில் (கட்டை என்பது சுருதியின் அளவு) பாடும் பெண்பிள்ளைகளோடு சேர்ந்து கற்கும் பையனுக்கு 24 அங்குல மிருதங்கம் வந்து சேர்ந்தால், அதை அந்தச் சுருதிக்கு ஏற்ற முயல்வது தோலைக் கிழிக்க முயல்வதற்குச் சமம். விமானச் சீட்டு எடுப்பதற்கு முன்பு ஆசிரியரிடம் கேட்டுவிடுங்கள்.

தீயில் காட்டுவது

க்யூர்பிப் கடல் மட்டத்திலிருந்து சுமார் 550 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கடற்கரையிலுள்ள தலைநகர் போர்ட் லூயிஸில் வெயில் கொளுத்தும் நாளிலும் இங்கே தூறிக்கொண்டிருக்கும். தோல் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சித் தளர்ந்துவிடுவதால், கீழே துல்லியமாகச் சேர்த்த சுருதி 20 கிலோமீட்டர் ஏறி இங்கு வருவதற்குள் இறங்கிப்போகும். இந்தச் சிக்கலுக்கு எங்கள் தீவில் எல்லோர் கண்ணிலும் படுகிற ஒரு தீர்வு உண்டு. செகா என்னும் எங்கள் நாட்டுப்புற இசையை வாசிப்போர் ரவான் என்னும் ஆட்டுத்தோல் மேளத்தைத் தீயில் காட்டித்தான் விறைப்பேற்றுகிறார்கள். தமிழ்நாட்டில் பறையடிப்போரும் அப்படியே காய்ச்சுகிறார்கள். ஆகவே மிருதங்கத்தையும் காய்ச்சினால் என்ன என்ற எண்ணம் இங்கே பிறந்த பிள்ளைக்கு மிக இயல்பாகத் தோன்றிவிடுகிறது. எனக்கும் தோன்றியது.

அப்போது எனக்குப் பதினேழு வயது. அன்று மாலை கோயில் பஜனையில் வாசிக்க வேண்டியிருந்தது. மூன்று நாளாக மழை விடவில்லை. வலந்தலையை, அதாவது வலப்பக்கத் தோலை, தட்டினால் நனைந்த அட்டைப்பெட்டியின் ஓசை வந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் கொட்டகைக்குள் காய்ந்த கரும்புச் சோகையைக் கொளுத்தி ரவானைத் திருப்பித் திருப்பிக் காட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, நான் சமையலறைக்குள் போய், அடுப்புக்கு எதிரே முக்காலி போட்டு, வலந்தலை தீயைப் பார்க்கும்படி மிருதங்கத்தைச் சாய்த்து வைத்தேன். பத்து நிமிடத்தில் "நம்" என்னும் அடி மணியைப் போல ஒலித்தது. என் ஆசிரியருக்கே தெரியாத ஒரு வித்தையைக் கண்டுபிடித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு கோயிலுக்கு நடந்தேன்.

இரண்டாவது பாட்டின் நடுவில் மோதிர விரலில் கரிய பொடி ஒட்டுவதைக் கவனித்தேன். அடுத்த தாளச் சுற்றில், வலந்தலையின் நடுவிலுள்ள கரிய பூச்சான கரணையிலிருந்து விரல்நகம் அளவுள்ள ஒரு சில்லு பெயர்ந்து என் வெள்ளை வேட்டியில் விழுந்தது. அதற்குப் பின் "நம்" என்று வாசித்ததெல்லாம் "டப்" என்றே கேட்டது. பஜனை முடிந்ததும் ஆசிரியர் என்னைத் திட்டவில்லை. வேட்டி மடிப்பில் கிடந்த அந்தச் சில்லை எடுத்து என் உள்ளங்கையில் வைத்துவிட்டுச் செருப்பைத் தேடப் போய்விட்டார்.

ரவான் மரவளையத்தில் இழுத்துப் பிடித்த ஒற்றைத் தோல். காய்ந்தால் விறைக்கும், ஆறினால் தளரும், மறுபடியும் காய்ச்சிக்கொள்ளலாம். மிருதங்கத்தின் வலந்தலையோ வெட்டுத்தட்டு, கொட்டுத்தட்டு, உட்காரத்தட்டு என்று ஒன்றன்மேல் ஒன்றாகப் பின்னலில் கோத்த தோல்களால் ஆனது. ஒவ்வொரு தோலும் வெப்பத்துக்கு வெவ்வேறு அளவில் சுருங்கும். அதன் நடுவில் இருக்கும் கரணை, கிட்டக்கல்லை இடித்த பொடியைச் சோற்றோடு பிசைந்து, மெல்லிய பூச்சுகளாக ஒன்றன்மேல் ஒன்றாக இட்டு, ஒவ்வொன்றையும் கல்லால் தேய்த்துத் தேய்த்து உலரவைத்து உண்டாக்கியது. பலர் அதைச் சாதம் என்றே சொல்வதற்குக் காரணமும் அந்தச் சோறுதான். தேய்க்கும்போது அதில் கண்ணுக்கு அரிதாகத் தெரியும் நுண்ணிய வெடிப்புகள் விழுகின்றன. தோல் அதிரும்போது கரணையும் சேர்ந்து வளைந்துகொடுப்பது அந்த வெடிப்புகளால்தான். தீயருகே வைத்தால் அடியிலுள்ள தோல் சட்டென்று சுருங்குகிறது, சோற்றுப் பசை ஈரத்தை இழந்து பிடிப்பை விடுகிறது, நுண்வெடிப்பு பெருவெடிப்பாகிறது.

ஒரு சில்லுதானே போயிற்று என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வெறும் தோலை அடித்தால் எழும் மேலோசைகள் ஒன்றோடொன்று இசைவதில்லை. நடுவில் ஏற்றிய இந்தக் கரிய பூச்சின் பாரம்தான் அவற்றை அடிப்படை ஓசையோடு இசைய வைக்கிறது என்பதை சி. வி. ராமன் 1920ஆம் ஆண்டிலேயே நேச்சர் இதழில் விளக்கினார். அந்தப் பாரம் ஒரு பக்கத்தில் குறைந்தால் இசைவும் குலைந்துவிடும்.

என் மிருதங்கத்தில் கரணையோடு நிற்கவில்லை. அடுத்த வாரமே கொட்டுத்தட்டு ஓரத்தில் கிழிந்து, மூட்டு எனப்படும் தோல்தொகுதியையே மாற்ற வேண்டியதாயிற்று. சென்னையில் இருந்திருந்தால் மறுநாளே ஒரு பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போயிருப்பேன். இங்கே, ஊருக்குப் போகிற ஒருவர் அதை எடுத்துச் சென்று, இன்னொருவர் திருப்பிக் கொண்டுவரும் வரை எட்டு மாதம் ஆனது. அந்த எட்டு மாதமும் தலையணையில் சாதகம் செய்தேன்.

இவ்வளவும் பழங்கதை என்று விட்டுவிடலாம். ஆனால் இப்போது அடுப்புக்குப் பதிலாகக் கார் வந்துவிட்டது. கடைக்குள் போகும் ஒரு மணி நேரத்துக்குப் போர்ட் லூயிஸ் வெயிலில் நிறுத்திய காரின் பின்பெட்டியில் மிருதங்கத்தை விட்டுச் செல்கிறார்கள். அதைத் தீ என்று யாரும் நினைப்பதில்லை. தலைமுடி உலர்த்தும் கருவியால் வலந்தலைக்குச் சூடான காற்று அடிப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். போன மாதம் ஒரு தகப்பனார், "பாருங்கள், எவ்வளவு நன்றாகப் பேசுகிறது" என்று மகிழ்ச்சியோடு எனக்கு வாசித்தே காட்டினார். சூடேறியவுடன் நன்றாகத்தான் பேசும்; அதில்தான் எல்லோரும் ஏமாறுகிறோம். அளவுக்கு மீறி விறைத்த தோல் வார்களையும் இழுத்துத் தளர்த்திவிடுவதால், ஆறியபின் சுருதி முன்பிருந்ததைவிடவும் கீழே போய் நிற்கும். மரம் வெடித்தால் அதற்கு மேல் பேச ஒன்றுமில்லை.

மழை நாளில் செய்யக்கூடியது இவ்வளவுதான். வாசிக்கும் இடத்துக்கு ஒரு மணி நேரம் முன்பாகவே போய், உறையைக் கழற்றி, மிருதங்கத்தை அந்த இடத்துக் காற்றுக்குப் பழக விட வேண்டும். பிறகு, பின்னலின் மேல் மரக்கட்டையை வைத்துக் கல்லால் மெல்லத் தட்டி, ஒரு பக்கம் தட்டினால் அதற்கு நேரெதிர்ப் பக்கத்தையும் தட்டிச் சுருதியைச் சிறிது சிறிதாக ஏற்ற வேண்டும். ஏறாவிட்டால் பாடகரிடம் அரைக் கட்டை குறைத்துக்கொள்ளும்படி கேட்பதில் வெட்கம் ஒன்றுமில்லை. அதற்கும் இடமில்லை என்றால் அன்றைக்குத் தாளம் போட்டுவிட்டு வீட்டுக்கு வாருங்கள், மூட்டு மிஞ்சும்.

தனியாகக் கல்லை எடுப்பது

முதல் ஆண்டு முழுவதும், ஆசிரியர் பக்கத்தில் இருந்தாலன்றிக் கல்லும் கட்டையும் பையை விட்டு வெளியே வரக் கூடாது.

ரவையைத் தொப்பியிலேயே விட்டுவிடுவது

இங்குள்ள கடைகளில் செமூல் என்ற பெயரில் விற்பது ரவைதான். அதைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து தொப்பியின், அதாவது இடப்பக்கத் தோலின், நடுவில் ஒட்டினால்தான் இடப்பக்கம் மந்திர சட்ஜத்துக்கு இறங்கி, "தொம்" வயிற்றிலிருந்து வருவது போல ஒலிக்கும். வாசித்து முடித்ததும் அதைச் சுரண்டி எடுத்து, துணியால் துடைத்துவிட வேண்டும். சோம்பலில் விட்டுவிட்டால், வறண்ட ஊரில் அது காய்ந்து தோலைப் பிடித்து இழுக்கும். எங்கள் ஊரில் இரண்டே நாளில் பச்சைப் பூஞ்சணம் படியும். ஒரு பையன் விடுமுறைக்குப் பிறகு உறையைத் திறந்தபோது வந்த வாடையில் வகுப்பே எழுந்து முற்றத்துக்குப் போய்விட்டது.

வேகம்

ஆறு மாதம் கழித்துக் கேளுங்கள்.

சொற்கட்டைப் பிரெஞ்சு எழுத்தில் எழுதிக்கொள்வது

வீட்டில் கிரியோல் பேசி, பள்ளியில் பிரெஞ்சும் ஆங்கிலமும் படிக்கிற பிள்ளைகள், "தத் தித் தொம் நம்" என்று அடிகளை வாயால் சொல்லும் சொற்கட்டைத் தமக்குத் தெரிந்த எழுத்தில் குறித்துக்கொள்கிறார்கள். அதில் குற்றமில்லை, ஆனால் வீட்டுக்குப் போய் அதைப் பிரெஞ்சு முறையில் படிக்கும்போது, இறுதி மகரம் மூக்கோசையாகக் கரைந்து, "நம்" என்ற சொல் உதடு மூடாமலேயே முடிந்துவிடுகிறது. வாயில் முடிவில்லாத சொல் கையிலும் முடிவில்லாமல்தான் விழுகிறது: மோதிர விரல் கரணையின் ஓரத்தைத் தொட்டு நிற்க, ஆள்காட்டி விரல் விளிம்பில் பட்டு உடனே விலக வேண்டிய இடத்தில், கை தயங்கி ஒட்டிக்கொண்டு நிற்கிறது. இதைப் புரிந்துகொள்ள எனக்குப் பல ஆண்டுகள் பிடித்தன. விரலைத் திருத்தித் திருத்திச் சலித்துப்போனேனே தவிர, வாயைக் கவனிக்கவில்லை. இப்போது என் வகுப்பில் இந்த நான்கு சொற்களையும் தமிழ் எழுத்திலேயே எழுதச் சொல்கிறேன். தமிழ் தெரியாத பிள்ளையும் அரை மணி நேரத்தில் எழுதிவிடும். கருவியைத் தொடுவதற்கு முன்பு ஆதி தாளம் போட்டுக்கொண்டு அந்தச் சொற்களை வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பது எங்கள் வராந்தாவின் சட்டம்.

இடக்கைப் பிள்ளையை மாற்றுவது

இடக்கைப் பழக்கமுள்ள பிள்ளையை, மேடையில் அழகாக இராது என்பதற்காக வலக்கைக்கு மாற்றச் சொல்லும் பெற்றோர் இன்னும் இருக்கிறார்கள். மிருதங்க உலகின் பெரும் மேதைகளில் ஒருவரான பழனி சுப்பிரமணிய பிள்ளை இடக்கைக்காரர் என்பதை அவர்களிடம் சொல்லிப் பார்த்திருக்கிறேன், சிலர் கேட்டுக்கொள்கிறார்கள். என்னிடம் வரும் ஒரு சிறுமி வலந்தலையை இடப்பக்கம் வைத்துக்கொண்டு எனக்கு நேரெதிரே உட்காருகிறாள். மற்ற பிள்ளைகள் என் கைகளைப் பார்த்து மனத்துக்குள் திருப்பிக்கொண்டு வாசிக்க வேண்டியிருக்க, அவள் கண்ணாடியைப் பார்ப்பது போல என் விரல்களை அப்படியே பார்த்து வாசித்துவிடுகிறாள்.