கச்சானும் இடியும்: மட்டக்களப்பு, அம்பாறை மக்கள் கோடை வானிலை அறிவித்தலை வாசிக்கும் முறை

மே மாதம் பிறந்து சில வாரங்களில் “தென்மேல் பருவப்பெயர்ச்சி ஆரம்பமாகிவிட்டது” என்ற செய்தி வந்தால், களுத்துறையிலும் இரத்தினபுரியிலும் இருப்பவர்கள் குடையைத் தேடுவார்கள். கிழக்கில் உள்ள நாம் அதே செய்தியை வெயில் செய்தியாகவே வாசிக்க வேண்டும். கடலிலிருந்து ஈரத்தைச் சுமந்து வரும் தென்மேல் காற்று மத்திய மலைநாட்டில் ஏறும்போது குளிர்ந்து, மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிடுகிறது. ஈரம் குறைந்த அந்தக் காற்று நம் பக்கம் இறங்கும்போது ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் ஏறக்குறைய 10 பாகை செல்சியஸ் வீதம் சூடேறுகிறது. மட்டக்களப்பில் கச்சான் என்று சொல்லப்படும் வரண்ட மேல்காற்று அதுதான். ஆகவே, நாடு முழுவதற்குமான தலைப்புச் செய்தியை விட்டுவிட்டு, நம் மாவட்டங்களின் பெயர் வரும் வசனத்தைத் தேடிப் பிடிப்பதே முதல் வேலை.

முதலில் பருவகால முன்னோக்கைப் பார்ப்போம். தென்னாசிய நாடுகளின் வானிலை நிறுவனங்கள் 2010 முதல் ஒன்றுகூடி, யூன் முதல் செப்டெம்பர் வரையான காலத்துக்கு ஒரு பொது முன்னோக்கை வெளியிட்டு வருகின்றன. நமது வளிமண்டலவியல் திணைக்களமும் மூன்று மாத முன்னோக்குகளைத் தருகிறது. இவற்றில் மழை “வழமையை விடக் கூடுதல்”, “வழமையை ஒட்டியது”, “வழமையை விடக் குறைவு” என மூன்றாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு சதவீதம் கொடுக்கப்படும். எந்தத் தகவலும் இல்லாத நிலையில் மூன்றுக்கும் தலா 33 சதவீதமே உரியது என்பதை நினைவில் வைத்தால், “45 சதவீதம் கூடுதல்” என்பது மழை நிச்சயம் என்ற வாக்குறுதி அல்ல, தராசு சற்றுச் சாய்ந்திருக்கிறது என்பதே என்று விளங்கும். மேலும், யூன், யூலை மாதங்களில் நமக்கு இயல்பாகக் கிடைக்கும் மழையே சிறிதளவுதான். ஒரேயொரு பெரிய இடிமழை ஒரு மாதத்தை “வழமையை விடக் கூடுதல்” என்ற வகைக்குள் தள்ளிவிடலாம், பக்கத்து ஊர் அப்போதும் காய்ந்து கிடக்கலாம்.

இந்தக் காரணத்தால், சிறுபோகத்தில் (கோடைக்கால நெற்செய்கையில்) எத்தனை ஏக்கர் விதைப்பது என்பதை மழை முன்னோக்கைக் கொண்டு தீர்மானிப்பது புத்திசாலித்தனமல்ல என்பது என் கருத்து. உன்னிச்சை, நவகிரி, வாகனேரி ஆகிய குளங்களிலும் இங்கினியாகலையின் சேனாநாயக்க சமுத்திரத்திலும் வடகீழ்ப் பருவப்பெயர்ச்சி விட்டுச் சென்ற நீர் எவ்வளவு என்பதே அங்கு பேசும். சிறுபோக ஆரம்பக் கூட்டத்தில் குளத்து நீர்மட்டம் முதலில் கேட்கப்படுவதும் அதனால்தான். வெப்பநிலை முன்னோக்கு அப்படியல்ல, அது உண்மையிலேயே பயன்படும். நெல் பூக்கும் நாட்களில் வெப்பநிலை 35 பாகையைத் தாண்டினால் மகரந்தம் கெட்டுப் பதர் கூடும். எனவே வழமையை விடச் சூடான யூன், யூலை எதிர்பார்க்கப்படும் ஆண்டில், பூக்கும் காலம் கச்சானின் உச்சத்தில் விழாதபடி விதைப்புத் திகதியையும் இனத்தின் வயதையும் கமநல சேவைகள் நிலையத்துடன் பேசி முடிவு செய்வது நல்லது.

அன்றாட அறிவித்தலை வாசிப்பதில்தான் கூடுதல் கவனம் வேண்டும். அதிகாலை 5.30 மணி அறிவித்தலில், “ஊவா மாகாணத்திலும் மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களிலும் சில இடங்களில் பிற்பகல் 2.00 மணிக்குப் பின்னர் மழையோ இடியுடன் கூடிய மழையோ பெய்யும் சாத்தியம் உண்டு” என்ற பாணியிலான வசனம் இக்காலத்தில் அடிக்கடி வரும். இதில் “சில இடங்களில்” என்ற சொல்லைத் தாண்டிச் சென்றுவிடக் கூடாது. மாவட்டத்தின் பெரும்பகுதி நனையாமல் போகலாம் என்பதே அதன் பொருள். மழை வராத ஊரார் அறிவித்தல் பொய்த்தது என்று சொல்வது இந்தச் சொல்லைக் கவனிக்காமையால்தான். வசனத்தில் 50, 75, 100 மில்லிமீற்றர் போன்ற அளவொன்று சேர்க்கப்பட்டிருந்தால் அது வழமையான பிற்பகல் மழையை விடக் கனதியான ஒன்றைக் குறிக்கிறது. அன்று தாழ்நில வயல்களின் வடிச்சலைக் காலையிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும்.

இரண்டு மணி என்ற நேரம் ஏன் வருகிறது என்று தெரிந்தவருக்கு, தன் ஊருக்கு அந்த வசனம் பொருந்துமா என்பதும் ஓரளவு தெரிந்துவிடும். காலையில் மேற்கிலிருந்து கச்சான் வீசுகிறது. நிலம் சூடேறிய பின் கிழக்கிலிருந்து கடற்காற்று உள்ளே வர முயல்கிறது. இரண்டும் முட்டும் இடத்தில் காற்று மேலெழுந்து முகில் திரள்கிறது. கச்சான் பலமாக இருக்கும் நாளில் கடற்காற்று கரையைத் தாண்டுவதில்லை. முகில் வளராது, கல்லடியிலும் கல்முனையிலும்கூட வெயில் கொளுத்தும். கச்சான் தளர்ந்த நாளில் கடற்காற்று மட்டக்களப்பு வாவியைக் கடந்து உள்ளே போகும். வாவிக்குக் கிழக்கே கடலோரமாக உள்ள எழுவான்கரை சற்றுக் குளிரும், இடிமழை வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையிலோ அதற்கும் மேற்கே மகாஓயா, உகன பக்கங்களிலோ பிறக்கும். அப்படிப் பிறந்த முகிலை மேல்மட்டக் காற்று சில மாலைகளில் கரைப்பக்கமாகத் தள்ளிக்கொண்டு வருவதும் உண்டு. அதனால் நண்பகலில் இரண்டு விடயங்களைப் பாருங்கள்: தென்னோலை எந்தப் பக்கம் சாய்கிறது, மேற்கு வானத்தில் முகில் மேல்நோக்கி வளர்கிறதா. ஓலை கிழக்கே சாய்ந்து, வானமும் வெறுமையாக இருந்தால் அது வெயிலுக்கான நாள். காற்று திரும்பி, மேற்கே வளர்ந்த முகிலின் உச்சி தட்டையாகப் பரவத் தொடங்கினால், அது ஏற்கனவே இடிமுகிலாகிவிட்டது. செய்மதிப் படத்தைத் தொலைபேசியில் பார்க்க முடிந்தவர்கள் இதையே இன்னும் முன்கூட்டிக் காணலாம்.

வெப்பத்தைப் பொறுத்தவரை, அறிவிக்கப்படும் வெப்பநிலையை மட்டும் பார்ப்பது ஏமாற்றும். அது நிழலில், காற்றோட்டமான பெட்டிக்குள் அளக்கப்படுவது. நேரடி வெயிலில் உடல் உணரும் சூடு அதனிலும் 8 பாகை வரை கூடலாம். ஈரப்பதன் வேறு கணக்கு. கச்சான் அடிக்கும் நாளில் வெப்பநிலை 36 பாகையும் ஈரப்பதன் 40 சதவீதமுமாக இருந்தால், வெப்பச் சுட்டெண் (வெப்பநிலையும் ஈரப்பதனும் சேர்ந்து உடல் உணரும் சூடு) ஏறக்குறைய 39 பாகை. காற்று அடங்கிப் புழுங்கும் நாளில் 33 பாகையே பதிவாகி, ஈரப்பதன் 70 சதவீதமாக இருந்தால் அது ஏறக்குறைய 43 பாகை. குறைந்த எண்ணைக் கண்டு நிம்மதியடைபவர் இரண்டாவது நாளில்தான் மயங்கி விழுவார். ஆகவே திணைக்களம் வெளியிடும் வெப்பச் சுட்டெண் ஆலோசனையில் கிழக்கு மாகாணம் குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்று பார்த்து, குறிப்பிடப்பட்டிருந்தால் வயல் வேலையையும் கட்டட வேலையையும் முற்பகல் 11 மணிக்கு முன்னரும் பிற்பகல் 3.30 மணிக்குப் பின்னருமாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில்களில் வெம்மை தணிய வேண்டித் திருக்குளிர்த்தி நடக்கும் காலமும், அதனைத் தொடர்ந்து கதிர்காமப் பாதயாத்திரைக்காரர் உகந்தையிலிருந்து குமண காட்டுக்குள் இறங்கும் காலமும் இந்த வெப்பத்துக்குள்ளேயே வருகின்றன. யாத்திரை செல்வோர் விடியற்காலையில் நடந்து, நடுப்பகலை மரநிழலில் கழித்து, தாகம் எடுக்கும்வரை காத்திராமல் சிறிது சிறிதாக நீர் அருந்த வேண்டும். நீரில் கரைத்துக் குடிக்கும் ஜீவனி உப்புக் கரைசல் பைக்கற்றுகள் சில மடியில் இருப்பது நல்லது. ஒருவருக்குப் பேச்சுக் குழறி, உடல் கொதித்து, நினைவு தடுமாறினால் அது வெறும் களைப்பல்ல. உடனே நிழலுக்குக் கொண்டுசென்று உடலை நீரால் நனைத்து விசிறிக்கொண்டே 1990 என்ற எண்ணுக்கு அம்புலன்ஸ் கேட்க வேண்டும். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

மின்னலுக்கு ஒரு கணக்குப் போதும். மின்னலைக் கண்டபின் இடி கேட்கும்வரை விநாடிகளை எண்ணுங்கள். மூன்று விநாடிக்கு ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர். முப்பதுக்குள் இடி கேட்டுவிட்டால் வெட்டவெளியை விட்டு விலக வேண்டும், கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழியும்வரை திரும்பக் கூடாது. வரம்பில் மண்வெட்டியுடன் நிற்பவரும் வாவியில் தோணியில் இருப்பவரும் சுற்றுப்புறத்தில் உயரமான பொருளாகிவிடுகிறார்கள் என்பதே ஆபத்து. வயல் வாடியும் தனிமரமும் பாதுகாப்பல்ல. முச்சக்கரவண்டியும் லாண்ட்மாஸ்ரர் எனப்படும் இருசில்லு உழவு இயந்திரமும் அப்படியே. கல்வீடு அல்லது உலோகக் கூரையுள்ள, கண்ணாடிகள் ஏற்றப்பட்ட வாகனம் பாதுகாப்பானது. வீட்டுக்குள் தொலைக்காட்சியின் அன்ரெனா வயரையும் மின்செருகியையும் இடி நெருங்குவதற்கு முன்னரே கழற்றிவிடுங்கள், நெருங்கிய பின் அவற்றைத் தொட வேண்டாம்.

கடலுக்குப் போவோர் கடற்பகுதி அறிவித்தலில் பொத்துவில் என்ற பெயரைக் கவனிக்க வேண்டும். பொத்துவிலுக்குத் தெற்கே அம்பாந்தோட்டை வரையான கடல் இப்பருவத்தில் அடிக்கடி கொந்தளிக்கும். வடக்கே மட்டக்களப்பை நோக்கி வர வர அதன் கடுமை குறைகிறது. திருக்கோவில், பொத்துவில் மீனவர்கள் தெற்கே வலை போட எண்ணினால் தெற்குப் பகுதிக்கான எச்சரிக்கையையே எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஓகஸ்ட் 28 முதல் செப்டெம்பர் முதல் வாரம் வரை சூரியன் மீண்டும் இலங்கைக்கு நேர் உச்சமாக வருகிறது. கச்சான் தளரத் தொடங்கும் நாட்களும் அவையே என்பதால், பிற்பகல் இடிமழைக்கு வாய்ப்புக் கூடுகிறது; அறுவடை பிந்திய வயல்களில் நெல் நனைவது இப்போதுதான். வெட்டு மெசினுக்கு முற்பகலைக் கேட்டு வாங்குங்கள். வீதியோரம் காயப்போட்ட நெல்லை, அறிவித்தலில் நம் மாவட்டத்தின் பெயர் இருக்கும் நாளில் ஒரு மணிக்கே குவித்து, படங்கால் (தார்ப்பாயால்) மூடி, ஓரங்களுக்குக் கல் வைத்துவிடுங்கள். இடிமழைக்கு முன் வரும் காற்று மழையை விட முந்தி வந்து படங்கைத் தூக்கிவிடும்.