டிடிபி மெஷினை லினக்ஸ் மின்ட்டுக்கு மாற்றுமுன்

விண்டோஸ் 10க்கு வழக்கமான இலவச அப்டேட் 2025 அக்டோபர் 14-ஓடு நின்றுவிட்டது. எட்டாம் தலைமுறைக்கு முந்திய இன்டெல் மெஷின்களைப் பொதுவாக விண்டோஸ் 11 ஏற்காது. பாளையங்கோட்டையிலோ டவுனிலோ ஜெராக்ஸ், டிடிபி கடையில் அப்படி ஒன்று கிடந்தால், தூக்கிப் போட வேண்டியதில்லை. விண்டோஸுக்குப் பதிலாகப் போடுகிற இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட் இருக்கிறது. 4 ஜிபி ராம் என்றால் அதன் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. 8 ஜிபி என்றால் சின்னமன் பதிப்பு.

டாலியில் கணக்குப் பார்க்கிற மெஷினை மட்டும் தொடாதீர்கள் அண்ணாச்சி. அது விண்டோஸுக்கென்றே எழுதியது.

முதல் வேலை பேக்கப். ஃபைல்களை எல்லாரும் எடுத்துவிடுவார்கள், ஃபாண்ட்டை மறந்துவிடுவார்கள். பாமினி என்ற பழைய தமிழ் ஃபாண்ட்டில் அடித்த 'தமிழ்' என்ற சொல், ஃபைலுக்குள் உண்மையில் ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி. ஃபாண்ட் இல்லாத மெஷினில் திறந்தால் பத்து வருசத்துக் கல்யாணப் பத்திரிகையும் இப்படி ஆங்கிலக் குப்பையாகத்தான் தெரியும். சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபாண்ட்ஸ் ஃபோல்டரை அப்படியே வெளி ஹார்ட் டிஸ்க்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து 8 ஜிபி பென்டிரைவ். மின்ட் தளத்தில் ஐஎஸ்ஓ என்ற நிறுவல் ஃபைலை இறக்கி, ரூஃபஸ் என்ற மென்பொருளால் பென்டிரைவில் எழுதுங்கள். பென்டிரைவில் இருப்பது அழியும். விண்டோஸை மூடும்போது ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டே ஷட் டவுன் கொடுங்கள். சும்மா மூடினால் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் டிஸ்க்கைப் பாதித் தூக்கத்தில் விட்டுவிடும், லினக்ஸ் அதில் எழுத மறுக்கும். மெஷினை மறுபடி போடும்போது பூட் மெனுவில் பென்டிரைவைத் தேர்ந்தெடுங்கள். அந்த மெனுவுக்கு டெல், லெனோவோவில் பெரும்பாலும் எஃப்12, எச்பியில் எஃப்9.

பென்டிரைவிலிருந்து மின்ட் ஓடும்போதே, எதையும் நிறுவாமல், வைஃபையையும் பிரிண்டரையும் சோதியுங்கள். வைஃபை தெரியாவிட்டால் போனை யூஎஸ்பியில் செருகி டெதரிங் போட்டு, டிரைவர் மேனேஜரைத் திறங்கள். எச்பி 1020 பிரிண்டருக்கு எச்பிலிப் (HPLIP) டிரைவரின் பிளகின் நெட்டிலிருந்து இறங்க வேண்டும். கேனான் எல்பிபி 2900 மல்லுக்கட்டு. கடைக்கு அதுதான் ஒரே பிரிண்டர் என்றால் ஒரு விண்டோஸ் மெஷினையும் வைத்துக்கொள்வதே நல்லது.

இன்ஸ்டாலில் 'எரேஸ் டிஸ்க்' என்று வரும் இடத்தில் நிதானம். விண்டோஸை ஃபார்மட் அடித்துப் பழகியவர்கள் சி மட்டும் போகும், டியும் ஈயும் தப்பிக்கும் என்று நினைப்பார்கள். இங்கே அந்த டிஸ்க்கில் உள்ள எல்லாப் பகுதியும் போய்விடும். வெளி ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு அதை அழுத்துங்கள். ஆனி, ஆடிக் காற்றில் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. யூபிஎஸ் இல்லாமல் தொடங்க வேண்டாம். பாதியில் நின்றால் மின்ட்டை மறுபடி நிறுவலாம், பழைய விண்டோஸ் திரும்பாது.

நிறுவியபின் பாமினி ஃபாண்ட்டை டபுள் கிளிக் செய்து ஏற்றுங்கள். யூனிகோடில் அடிக்க, சாஃப்ட்வேர் மேனேஜரில் ஐபஸ்-எம்17என் (ibus-m17n) என்று தேடி நிறுவி, இன்புட் மெத்தடில் ஐபஸைத் தேர்ந்தெடுங்கள். பிறகு ஐபஸ் அமைப்புகளில் தமிழ்99-ஐச் சேர்க்கலாம். தட்டச்சு படித்த கைக்கு டைப்ரைட்டர் விசைப்பலகையும் அதிலேயே உண்டு. ஒருமுறை லாக் அவுட் செய்து வந்தால்தான் எழுத்து விழும்.