கிரிப் காயும்வரை மட்டையைத் தொடாதீங்க

பாளையங்கோட்டை வீட்டு வராண்டாவில் உட்கார்ந்து என் கோல்ஃப் மட்டைகளுக்கு நானே புது கிரிப், அதாவது கைப்பிடி ரப்பர் உறை, மாட்டினேன். பழைய ரப்பரை அறுத்து, தண்டில் இருபக்க ஒட்டு டேப் சுற்றி, மினரல் டர்பன்டைன் (பெயின்ட் கரைக்கும் திரவம்) ஊற்றி வழுக்கி ஏற்றினால் முடிந்தது. மறுநாள் விடியக்காலம் கோல்ஃப் ஆட கொடைக்கானலுக்குக் கிளம்பிவிட்டேன். முதல் அடியிலேயே கிரிப் கைக்குள் லேசாகத் திரும்பியது. பந்து வலப்பக்கப் புதருக்குள் போனது.

வீட்டுக்கு வந்து அந்த கிரிப்பை நீளவாக்கில் கீறிப் பார்த்தேன். டேப் இன்னும் பிசுபிசுவென்று இருந்தது, டர்பன்டைன் வாடை குப்பென்று அடித்தது. டர்பன்டைன் பசையை இளக்கிவிடுகிறது. அது ஆவியானால்தான் பசை மறுபடி பிடிக்கும். ஆனால் ஆவி வெளியேற நுனியில் குண்டூசித் தலை அளவு ஓட்டையும் கீழ்வாயும்தான் வழி. மேலே தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே ஈரம் அப்படியே கிடக்கும்.

சரி என்று வேறொன்று மாட்டினேன். இந்த முறை டர்பன்டைனை அளவாக ஊற்றி, வழிந்ததைத் துடைத்து, அடுப்படிப் பக்கம் கொண்டுபோகாமல் காற்றோட்டமான அறையில் வைத்தேன். 24 மணி நேரம் போதும் என்பார்கள். சாரல் காலம் என்பதால் நான் இரண்டு ராத்திரி விட்டேன். அப்புறம் கிரிப் விளிம்பிலிருந்து தண்டுவரை சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, இறுக்கி முறுக்கினேன். கோடு விலகவே இல்லை.